சர்வர் பேக்கப்பை வெளியே எங்கே வைப்பது: டிஸ்க், டேப், கிளவுட், இன்னொரு சர்வர்?

கட்டளைவரி

வணக்கம். போன வாரம் எங்கள் சர்வர் அறையில் ஏசியின் வடிகால் குழாய் அடைத்துக்கொண்டு ரேக்கின் மேல் தண்ணீர் சொட்டியிருக்கிறது. காலையில் கதவைத் திறந்தால் யுபிஎஸ் மேல் சின்னக் குட்டை. நல்லவேளை, எதுவும் கெடவில்லை. ஆனால் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. பேக்கப் எடுக்கும் நாஸ் (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) அதே ரேக்கில், சர்வர்களுக்கு நேர் கீழே இருக்கிறது. தண்ணீர் கொஞ்சம் நகர்ந்து விழுந்திருந்தால் மூலமும் நகலும் ஒன்றாகப் போயிருக்கும்.

இருப்பது மூன்று சர்வர்கள், மொத்தம் 5 டிபி. அதில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 300 ஜிபி. மீதி கோப்புகளும் விர்ச்சுவல் மெஷின்களும் (ஒரு சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் தனிக் கணினிகள்). ஒரு நாளில் மாறுவது 30 ஜிபி வரும். இணைய இணைப்பு இரண்டு பக்கமும் 100 எம்பிபிஎஸ். பார்த்துக்கொள்ள நானும் இன்னொருவரும் மட்டும்தான்.

நான்கு வழி தெரிகிறது. வாரம் ஒரு ஹார்ட் டிஸ்கில் எடுத்து வெளியே கொண்டுபோய் வைப்பது, எல்டிஓ டேப் (காந்த நாடா), கிளவுடில் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் (இணையம் வழியாகக் கோப்புகளைப் போட்டு வைக்கும் வாடகைச் சேமிப்பு), வேறொரு டேட்டா சென்டரில் நாங்களே ஒரு சர்வர் வைப்பது. எதை எடுக்கலாம்? செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


நாடாப்பெட்டி

எதில் வைப்பது என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் இரண்டு கேள்விக்கு நிர்வாகத்திடம் பதில் வாங்குங்கள். அறை முழுக்கப் போய்விட்டால் எத்தனை மணி நேரத்தில் திரும்ப ஓட வேண்டும்? எத்தனை மணி நேரத்து வேலை காணாமல் போனால் தாங்கும்? ஆர்டிஓ, ஆர்பிஓ என்று சொல்வது இந்த இரண்டையும்தான். வாய்வார்த்தையாக வாங்காதீர்கள், மெயிலில் வாங்குங்கள்.

பதில் கையில் இல்லாவிட்டாலும் ஒரு கணக்கு இப்போதே போட்டுவிடலாம். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 எம்பி. தினசரி 30 ஜிபியை அனுப்ப 40 நிமிடம் போதும். அதைப் பார்த்து எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். 5 டிபியைத் திரும்ப இறக்கும் கணக்கைப் போடுங்கள்: 4,00,000 நொடி, அதாவது 111 மணி நேரம். நான்கரை நாளுக்கு மேல். அதுவும் இணைப்பு ஒரு நொடிகூடத் தொங்காமல் முழு வேகத்தில் ஓடினால்தான்.

யுஎஸ்பி 3 டிஸ்க் நொடிக்கு 150 எம்பி கொடுத்தால் அதே 5 டிபிக்கு ஒன்பதேகால் மணி நேரம். எல்டிஓ 9 டேப் டிரைவ் 300 எம்பி கொடுத்தால் நாலரை மணியைக் கொஞ்சம் தாண்டும். பேக்கப் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ரீஸ்டோர் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நான் சொல்ல வந்தது இதுதான்.


மேகவாசி

கணக்கு சரிதான். ஆனால் 5 டிபியும் முதல் நாளே வேண்டுமா? 300 ஜிபி டேட்டாபேஸ் அதே 100 எம்பிபிஎஸ்ஸில் ஆறே முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். அதோடு இந்த மாதக் கோப்புகளை மட்டும் இறக்கினால் வேலையை ஆரம்பித்துவிடலாம். பழைய கோப்புகள் பின்னால் மெதுவாக வரட்டும். தவிர, அறையே போய்விட்டால் அந்த அலுவலக இணைப்பும் இருக்காது. கிளவுடிலேயே மெஷினை எழுப்பி, அங்கேயே ரீஸ்டோர் செய்தால் இந்த 100 எம்பிபிஎஸ் தடையே இல்லை.

என் ஓட்டு ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு. ஆளில்லாமல் தினமும் நடக்கும் என்பது பெரிய விஷயம். இரண்டு பேர் மட்டுமே இருக்கும் இடத்தில், ஒருவர் விடுப்பில் போனாலும் பேக்கப் நிற்கக் கூடாது.

ஆனால் விலைப்பட்டியலில் ஆகக் குறைந்த வரியைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். உதாரணத்துக்கு அமேசானின் கிளேசியர் டீப் ஆர்கைவில் போட்டால், எடுக்கக் கேட்டு 12 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். மொத்தமாக எடுக்கும் மலிவு முறையில் 48 மணி நேரம் வரை. அதற்குப் பிறகுதான் இறக்கவே ஆரம்பிக்க முடியும். போட்டதை 180 நாளுக்கு முன் அழித்தாலும் 180 நாளுக்கான கட்டணம் உண்டு. வாரா வாரம் பழையதை அழித்துப் புதியதைப் போடுகிறவர்களுக்கு அது பொருந்தாது. அப்புறம், டேட்டாவை வெளியே எடுக்கும் கட்டணத்தையும் தனியாகக் கணக்கிடுங்கள். சேமிப்புக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தவர்களுக்கு அவசர நாளன்றுதான் அது தெரியவருகிறது.


பழையவட்டு

நான் பத்து வருடமாக டிஸ்க் சுற்றுமுறையில் இருக்கிறேன், அதையே சொல்வேன். மூன்று டிஸ்க் வாங்குங்கள், 8 டிபி போதும். ஒன்று அலுவலகத்தில் எழுதிக்கொண்டிருக்கும். ஒன்று வெளியே பூட்டில் இருக்கும். மூன்றாவது வழியில் இருக்கும். மூன்றாவது எதற்கு என்று கேட்பார்கள். இரண்டே டிஸ்க் என்றால், மாற்றும் நாளில் இரண்டும் ஒரே மேசை மேல் இருக்கும். அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு வெளி நகலே கிடையாது.

எங்கள் டிஸ்க் உறைகளின் மேல் வெள்ளை டேப் ஒட்டி, ஒவ்வொரு முறை எழுதி முடிந்ததும் பேனாவால் தேதியும் கையெழுத்தும் போடுவோம். கீழே சரிபார்த்த தேதி தனியாக. ஒரு நாள் டிஸ்கை எடுத்துப் பார்த்தால் எழுதிய தேதி அந்த வாரத்தது, சரிபார்த்த தேதி ஐந்து மாதம் பழையது. அன்றைக்கே உட்கார்ந்து முழுசாகப் படித்துப் பார்த்ததில் நாற்பது கோப்புகள் படிக்க முடியாமல் இருந்தன. மென்பொருள் எதுவும் எச்சரிக்கவில்லை. அந்த டேப்தான் காட்டிக்கொடுத்தது.

கவனிக்க வேண்டியவை இரண்டு. மலிவான பெரிய யுஎஸ்பி டிஸ்குகளில் பல எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஓடு வேய்வதுபோல் ஒன்றன் மேல் ஒன்றாக எழுதுபவை). தொடர்ந்து டெராபைட் கணக்கில் எழுதும்போது வேகம் அடியோடு விழும். வாங்கும் முன்பு மாடல் எண்ணை வைத்துத் தேடிப் பாருங்கள். இரண்டாவது, டிஸ்கை முழுதாக என்கிரிப்ட் செய்யாமல் கட்டடத்தை விட்டு வெளியே எடுக்கவே கூடாது. லினக்ஸில் டிஸ்கை என்கிரிப்ட் செய்யும் லக்ஸ் போதும். பையோடு தொலைந்தால் தொலைவது டிஸ்க் மட்டுமாக இருக்க வேண்டும், உங்கள் வாடிக்கையாளர்களின் விவரங்களாக இருக்கக் கூடாது.


புதுக்கிளை

குறுக்கே ஒரு கேள்வி. இன்னொரு டேட்டா சென்டரில் ரெப்ளிகா ஓடினால் போதாதா? நொடிக்கு நொடி நகல் இருக்கும், ரீஸ்டோர் நேரமும் ஏறக்குறைய பூஜ்யம். மேலே சொன்ன எல்லாவற்றையும் விட அது மேல் இல்லையா?


நாடாப்பெட்டி

நல்ல கேள்வி. வன்பொருள் செத்துப்போனால் ரெப்ளிகா அருமையானது. ஆனால் நீங்கள் தவறாக ஒரு டேபிளை அழித்தால், அந்த அழிப்பும் நொடிக்கு நொடி அங்கே போய்ச் சேரும்.

2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் கோட் வைக்கும் தளமான கிட்லேபில் நடந்ததை ஒவ்வொரு நிர்வாகியும் படிக்க வேண்டும். அவர்களே எல்லாவற்றையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். ரெப்ளிகேஷன் சிக்கலைச் சரிசெய்ய இரவில் உட்கார்ந்த பொறியாளர், இரண்டாம் சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார். ஏறக்குறைய 300 ஜிபி. தினசரி டம்ப் (டேட்டாபேஸை மொத்தமாகக் கோப்பாக எடுத்தது) இருக்கிறது என்று போய்ப் பார்த்தால், அதைப் போட்டு வைக்கும் எஸ்3 பக்கெட் (அமேசானின் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ்) காலி. சர்வர் ஓடியது போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுக்க ஓடிய கருவி 9.2. அதனால் டம்ப் ஒவ்வொரு நாளும் தோற்றிருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மெயில்களும் டிமார்க் என்ற மெயில் நம்பகச் சோதனையில் நிராகரிக்கப்பட்டு யார் கைக்கும் வரவில்லை. காப்பாற்றியது, ஆறு மணி நேரத்துக்கு முன்பு சோதனைச் சூழலுக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட் (டேட்டா அந்த நொடியில் இருந்தபடியான நகல்). அதை அங்கிருந்து நகலெடுக்கவே பதினெட்டு மணி நேரம் ஆனது, அங்கிருந்த டிஸ்கின் வேகம் அவ்வளவுதான்.

அவர்களிடம் முறைகள் பல இருந்தன. அவற்றிலிருந்து திரும்ப எடுத்துப் பார்த்தவர் யாரும் இல்லை. கட்டளைவரி, உங்கள் நாஸில் இருக்கும் டேட்டாபேஸ் டம்ப்பைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்?


கட்டளைவரி

உண்மையைச் சொன்னால், டம்ப்பைத் திறந்து பார்த்ததே இல்லை. கோப்பு தினமும் உருவாகிறது, ஸ்கிரிப்ட் வெற்றி என்றுதான் பதிகிறது. இந்த வாரம் பார்க்கிறேன்.


பூட்டும்சாவியும்

எல்லோரும் தீ, தண்ணீர், கைத்தவறு பற்றிப் பேசுகிறீர்கள். வேண்டுமென்றே அழிக்க வருபவரையும் கணக்கில் எடுங்கள். டேட்டாவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஆட்கள் உள்ளே வந்ததும் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான். அதை அழித்தால்தானே நீங்கள் பணம் கொடுப்பீர்கள்.

2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம் இப்படித்தான் மூடப்பட்டது. அவர்களுடைய அமேசான் கிளவுட் கட்டுப்பாட்டுப் பலகத்துக்குள் ஒருவன் நுழைந்தான். அவர்கள் அவனை வெளியேற்ற முயன்றபோது டேட்டா, ஸ்னாப்ஷாட், பேக்கப் எல்லாவற்றையும் அழிக்க ஆரம்பித்தான். வெளியே வைத்ததாக அவர்கள் நினைத்திருந்த நகலும் அந்தப் பலகத்தின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ஆகவே கிலோமீட்டர் கணக்கில் மட்டும் தூரத்தை அளக்காதீர்கள். சர்வரில் இருக்கும் சாவி பேக்கப்பை அழிக்கக் கூடியதா என்று கேளுங்கள். ஆம் என்றால் அது இன்னும் வெளியே போகவில்லை.

செய்யக்கூடியது: ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் என்றால் ஆப்ஜெக்ட் லாக் (குறித்த நாள்வரை அழிக்க விடாத பூட்டு) போடுங்கள். அதில் கவர்னன்ஸ், கம்ப்ளையன்ஸ் என்று இரண்டு வகை. முதல் வகையைத் தனி அனுமதி உள்ளவர் தாண்டலாம். இரண்டாவதில் குறித்த நாள் முடியும்வரை முழு அதிகாரமுள்ள ரூட் கணக்காலும் அந்தக் கோப்பை அழிக்க முடியாது. தவறுதலாக பத்து வருடம் என்று போட்டால் பத்து வருடமும் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும், அதனால் சிறிய நாள் எண்ணிக்கையில் தொடங்குங்கள். சொந்த சர்வர் என்றால் பேக்கப் மென்பொருள்களான ரெஸ்டிக்கின் ரெஸ்ட் சர்வரிலோ போர்கிலோ சேர்க்க மட்டும் அனுமதிக்கும் முறை உண்டு. பழையதைக் கழிக்கும் வேலையை வேறு சாவியோடு வேறு மெஷினிலிருந்து செய்ய வேண்டும். இன்னும் நல்லது, பேக்கப் சர்வரே வந்து இழுத்துக்கொள்வது. அப்போது உங்கள் சர்வரில் பேக்கப் பக்கத்துச் சாவி எதுவும் இருக்கவே தேவையில்லை.

கிளவுடுக்குத் தனிக் கணக்கு, தனி மெயில் முகவரி, தனி இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு. அலுவலக ஒற்றை உள்நுழைவோடு அதை இணைக்காதீர்கள்.


பழையவட்டு

இதற்குத்தான் கழற்றி வைத்த டிஸ்க். மின்சாரமே இல்லாத டிஸ்கை யாராலும் ஊடுருவ முடியாது. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற அழிவு மென்பொருள் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியபோது, உலகம் முழுக்க இருந்த அவர்களுடைய டொமைன் கன்ட்ரோலர்கள் (யார் உள்ளே நுழையலாம் என்று பார்க்கும் சர்வர்கள்) எல்லாம் அழிந்தன. ஒன்றோடொன்று நகலெடுத்துக்கொள்வதால் ஒன்று போனாலும் மற்றது இருக்கும் என்று நம்பியிருந்தார்கள். மிஞ்சியது கானாவில் இருந்த ஒன்று மட்டும். மின்வெட்டால் அந்த நேரம் அது அணைந்திருந்தது. அந்த டிஸ்கை ஆள் மாற்றி ஆள் கையில் எடுத்துக்கொண்டு விமானத்தில் போனார்கள்.


மேகவாசி

ஒத்துக்கொள்கிறேன். நான் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்: ஒரே நிறுவனத்தின் இரண்டு மண்டலங்கள் என்பது இரண்டு இடம்தான், ஆனால் ஒரே கணக்கு. 2024 மேயில் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கூகுள் கிளவுட் சூழல், இரண்டு மண்டலத்திலும் சேர்ந்தே அழிந்துபோனது. கூகுள் பக்கம் நடந்த ஒரு அமைப்புத் தவறு அது. வேறொரு நிறுவனத்திடமும் அவர்கள் நகல் வைத்திருந்தது மீண்டு வர உதவியது.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்ததையும் நினைவில் வையுங்கள். ஒரு கட்டடம் முழுதாகப் போனது, பக்கத்துக் கட்டடத்தில் ஒரு பகுதி. சில வாடிக்கையாளர்களின் பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்து சேர்ந்தே எரிந்தது. ‘பேக்கப் உண்டு’ என்று விலைப்பட்டியலில் இருந்தால், எந்தக் கட்டடத்தில் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.


புதுக்கிளை

டேப் பற்றி யாருமே சரியாகச் சொல்லவில்லையே. பெயரிலேயே நாடா வைத்திருப்பவர் பேசலாமே.


நாடாப்பெட்டி

டேப் எனக்குப் பிடிக்கும், அதனால்தான் இவருக்குச் சொல்லத் தயங்கினேன். எல்டிஓ 9 ஒரு டேப்பில் 18 டிபி பிடிக்கும். அலமாரியில் வைத்தால் மின்சாரம் வேண்டாம், ஆண்டுக்கணக்கில் தாங்கும். நூறு டிபிக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கும், பத்து வருடம் காப்பாற்ற வேண்டியவர்களுக்கும் நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

5 டிபிக்கு விலை உயர்ந்த டிரைவ் ஒன்று வாங்குவது கட்டாது. அதைவிடப் பெரிய விஷயம், அறை எரிந்தால் டிரைவும் எரிந்துவிடும். வெளியே பத்திரமாக இருக்கும் டேப்பைப் படிக்க அன்றைக்கு உங்களிடம் எதுவும் இருக்காது. கிடைக்கிற டிரைவில் போட்டுப் படிக்கவும் முடியாது. எல்டிஓ 8, 9 டிரைவ்கள் தம் தலைமுறை டேப்பையும் அதற்கு ஒரு தலைமுறை முந்தையதையும் மட்டுமே படிக்கும். புது எல்டிஓ 9 டேப்பை முதல்முறை ஏற்றும்போது அளவுத்திருத்தம் வேறு செய்துகொள்ளும், அதற்கு இரண்டு மணி நேரம் வரை போகலாம். அவசரத்தில் புது டேப்பை உறை பிரித்தவர்கள் டிரைவ் பழுது என்று நினைத்துவிடுகிறார்கள்.


மௌனவரி

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு நடந்ததைச் சொல்லத் தோன்றுகிறது.

எங்கள் சர்வரில் இரண்டு டிஸ்குகள் ஒரே வார இறுதியில் போயின, டிஸ்குகளை ஒன்றாகக் கட்டும் ரெய்டு அமைப்பு உடைந்தது. பதற்றமே இல்லை எனக்கு. போர்கில் தினமும் வெளியே பேக்கப், மாதம் ஒருமுறை சோதனை ரீஸ்டோர், எல்லாம் ஒழுங்கு. புது மெஷினில் ரெப்பாசிட்டரியைத் திறந்தேன், கடவுத்தொடர் கேட்டது. அது கடவுச்சொல் பெட்டகத்தில் இருக்கிறது. அந்தப் பெட்டகத்தை நாங்களே ஒரு விர்ச்சுவல் மெஷினில் நடத்தினோம். அந்த மெஷின், செத்துப்போன சர்வரில் இருந்தது. மாதாந்திரச் சோதனைகள் எல்லாம் பெட்டகம் உயிரோடு இருந்தபோது செய்தவை.

மாலை ஐந்து மணியிலிருந்து மறுநாள் மதியம் வரை, மூன்று வருடம் முன்பு வாங்கிய மடிக்கணினியில் பெட்டகத்தின் பழைய ஏற்றுமதிக் கோப்பு எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. அதில் அந்தக் கடவுத்தொடரும் இருந்தது. இல்லாமல் போயிருந்தால் கண்ணெதிரே பேக்கப் முழுதாக இருந்தும் ஒரு கோப்பைக்கூடத் திறந்திருக்க முடியாது. அந்த இரவை இன்றும் மறக்க முடியவில்லை.

இப்போது சாவியைக் காகிதத்தில் அச்சிட்டு வைத்திருக்கிறேன். போர்கில் அதற்கென்றே கட்டளை உண்டு, சாவியை எண்ணெழுத்து வரிகளாகக் கொடுக்கும். திரும்பத் தட்டச்சு செய்யும்போது எந்த வரியில் பிழை என்று கண்டுபிடிக்க வரிக்கு வரி சரிபார்ப்பு எண்ணும் இருக்கும். கடவுத்தொடர் இன்னொரு உறையில். இரண்டும் வெவ்வேறு இடத்தில். தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.


பூட்டும்சாவியும்

இதை நான் சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். லக்ஸ் டிஸ்கிலும் இதே கதைதான். அதன் தலைப்புப் பகுதி கெட்டால் சரியான கடவுச்சொல் இருந்தும் திறக்காது. தலைப்பின் நகலைத் தனியாக எடுத்து வையுங்கள்.


கட்டளைவரி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நிறைய நடந்துவிட்டது.

முதலில் நாடாப்பெட்டி கேட்ட டம்ப். அன்று இரவே நாஸில் பார்த்தேன். கடைசி நாற்பத்தொரு நாளின் கோப்புகள் ஒவ்வொன்றும் சரியாக 20 பைட். டேட்டாபேஸ் கடவுச்சொல்லை மாற்றியபோது ஸ்கிரிப்டில் மாற்றவில்லை. டம்ப் கருவி உள்ளே நுழைய முடியாமல் நின்றுவிட்டது. ஆனால் அதன் வெளியீடு கோப்பைச் சுருக்கும் கருவியான ஜிஜிப்புக்குப் போவதால், ஜிஜிப் எதுவுமே வராததை அழகாகச் சுருக்கி 20 பைட் கோப்பாக எழுதி, வெற்றி என்று சொல்லியிருக்கிறது. ஸ்கிரிப்ட் கடைசிக் கட்டளையின் முடிவை மட்டுமே பார்த்திருக்கிறது. இப்போது பைப்ஃபெயில் போட்டுவிட்டேன், இடையில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்றே வரும். கோப்பு அளவு நேற்றையதில் பாதிக்குக் கீழே போனால் எச்சரிக்கை வரும்படியும் செய்தேன். தண்ணீர் சொட்டாமல் இருந்திருந்தால் இதைக் கண்டுபிடித்தே இருக்க மாட்டேன்.

நிர்வாகம் மெயிலில் தந்த பதில்: டேட்டாபேஸும் நடப்புக் கோப்புகளும் ஒரு வேலை நாளுக்குள், மீதி மூன்று நாளுக்குள். டேட்டாபேஸில் இழப்பு பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. இந்தப் பதினைந்து நிமிடம் வந்ததும் தினசரி டம்ப் மட்டும் போதாது என்று ஆகிவிட்டது.

ஆகவே முடிவு இப்படி. போஸ்ட்கிரெஸுக்கு வாரம் ஒரு முழு அடிப்படை நகல், அதன் மேல் வால் (WAL) பதிவுகள், அதாவது டேட்டாபேஸ் தன் மாற்றங்களை வரிசையாக எழுதிவைக்கும் கோப்புகள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு. கோப்புகள் ரெஸ்டிக்கில் தினமும் அங்கேயே. தனிக் கணக்கு, முப்பது நாள் லாக். கூடவே பழையவட்டு சொன்ன மூன்று டிஸ்க் சுற்று, வாரம் ஒருமுறை. 5 டிபியை மூன்று நாளுக்குள் எழுப்ப 100 எம்பிபிஎஸ்ஸால் முடியாது என்பதால் டிஸ்க் கட்டாயம். சொந்த சர்வர் யோசனையை விட்டுவிட்டோம். இருக்கும் மூன்றைப் பார்க்கவே ஆள் இல்லை, நான்காவதை யார் பார்ப்பது?

போன சனிக்கிழமை, பெட்டகம் உட்பட எதையும் தொடாமல், காலி மெஷினும் காகிதமும் டிஸ்கும் மட்டும் வைத்து ரீஸ்டோர் செய்து பார்த்தோம். டிஸ்கிலிருந்து முழுதாக இறங்க பதினொரு மணி நேரம், கணக்கை விட இரண்டு மணி கூடுதல். சின்னக் கோப்புகள் லட்சக்கணக்கில் இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். டேட்டாபேஸைப் பழைய டம்ப் முறையிலும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒற்றை எஸ்க்யூஎல் கோப்பிலிருந்து ஆறு மணி நேரம் ஓடியது, பாதி நேரம் இன்டெக்ஸ் கட்டுவதற்கே. டைரக்டரி வடிவத்தில் எடுத்து எட்டு வேலைகளாகப் பிரித்து ஏற்றினால் இரண்டு மணிக்குள் முடிந்தது.


நாடாப்பெட்டி

20 பைட் என்று படித்ததும் வயிற்றைக் கலக்கியது. கண்டுபிடித்ததை அப்படியே இங்கே எழுதினீர்களே, அதற்கு நன்றி.

ஒன்று மட்டும். சனிக்கிழமை ரீஸ்டோர் செய்தது நீங்களா, இன்னொருவரா?


கட்டளைவரி

நான்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தார்.


நாடாப்பெட்டி

அடுத்த முறை அவர் செய்யட்டும், நீங்கள் அறைக்கு வெளியே இருங்கள், போனையும் எடுக்காதீர்கள். குறிப்பில் எழுதாமல் உங்கள் தலைக்குள் மட்டும் இருப்பவை எல்லாம் அன்றைக்கு வெளியே வரும். எங்களிடம் முதல்முறை அப்படிச் செய்தபோது, டிஸ்க் இருக்கும் பூட்டின் சாவி எங்கே என்பதே குறிப்பில் இல்லை.


கட்டளைவரி

எங்கள் குறிப்பிலும் இல்லை. இப்போதுதான் திறந்து பார்த்தேன். எழுதிவிட்டு, அடுத்த மாத முதல் சனிக்கிழமை அவர் செய்வதாக நாள் குறித்துவிட்டோம்.